தாமிரபரணிக் கரையில் ஒரே ஒரு ஊர் பார்க்க நேரமிருந்தால் எங்கே போகலாம்?

கேள்வி இது: "திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறோம். ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. குற்றாலம், பாபநாசம் எல்லாம் பார்த்தாயிற்று. தாமிரபரணிக் கரையில் கூட்டமில்லாத, பழமை மாறாத ஒரு சின்ன ஊர் சொல்லுங்கள். என்ன பார்க்கலாம், அங்கே ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது."

திருப்புடைமருதூருக்குப் போங்கள்.

"பழமை மாறாத" என்று கேட்டிருக்கிறீர்களே, அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அப்படி ஒரு ஊர் எங்கேயும் கிடையாது. இந்த ஊரிலும் டிஷ் ஆன்டெனா உண்டு, காங்கிரீட் வீடு உண்டு, துபாயில் வேலை பார்க்கும் பையன்கள் உண்டு. ஆனால் மற்ற ஊர்கள் தொலைத்துவிட்ட மூன்று விஷயங்கள் இங்கே தப்பிப் பிழைத்திருக்கின்றன: கரையோர மருத மரங்கள், மரத்தில் அடையும் பறவைகள், கோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்கள். மூன்றும் எப்படித் தப்பின என்பதுதான் எனக்குச் சுவாரசியம். அதைச் சொல்லப் புகுந்தால் ஊரின் கதை தானாக வந்துவிடும்.

முதலில் வழி. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில் பத்தமடை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி தாண்டி வீரவநல்லூர். அங்கிருந்து கிளைச்சாலை. ரயிலில் வந்தாலும் செங்கோட்டை வண்டியில் ஏறி வீரவநல்லூரில் இறங்கிக்கொள்ளலாம். அவசரமில்லாமல் வாருங்கள், ஏனென்றால் வழியே ஒரு பாடம். பத்தமடையில் கோரைப்பாய், துணி மாதிரி மடிக்கலாம், அவ்வளவு மெல்லிசு. காருகுறிச்சியில் மண்பாண்டம், நாதஸ்வரம் அருணாசலம் பிறந்த ஊரும் அதுவே. வீரவநல்லூரில் நெசவு. கோரை, மண், சாயத் தண்ணீர் என்று எல்லாத் தொழிலும் ஆற்றை நம்பி வந்தவை. இந்தப் பக்கத்து ஊர்களின் சாதி, தொழில், சாப்பாடு எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு வாய்க்காலில் போய் முடியும்.

ஊருக்குள் நுழைந்ததும் ஆறு தெரியும். மேற்கே கடையம் பக்கத்து மலையில் பிறந்து, ராமநதியையும் சேர்த்துக்கொண்டு வரும் கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் இடம் இதுதான். கூடல் துறை என்பதால் தீர்த்தத்துக்கு மதிப்பு அதிகம். தைப்பூசத்தன்று சுற்றுவட்டார ஊர்களெல்லாம் இங்கே வந்து முங்கும். மற்ற நாளில் படித்துறையில் துணி துவைக்கிறவர்களும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்களும்தான். அம்பாசமுத்திரம் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்குக் குளியல் என்றால் ஆறு. வீட்டில் குளித்தால் "உடம்புக்கு என்னடா?" என்று ஆச்சி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

இனி ஊர்ப்பெயர். புடை என்றால் பக்கம். மருத மரத்தடியில் சாமி இருக்கும் மூன்று தலங்களைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆந்திராவில் ஸ்ரீசைலம் தலை மருது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிடைமருதூர் இடை மருது. தெற்கே இது கடை மருது. மூன்று தலங்களின் வடமொழிப் பெயரிலும் அர்ச்சுனம் இருக்கும். வடமொழியில் மருதத்துக்கு அர்ச்சுனம் என்று பெயர்.

தலபுராணம் ஒரு கோடரியில் தொடங்குகிறது. பாண்டிய மன்னன் ஒருவன் வேட்டைக்கு வந்தான். துரத்திய மான் ஒரு மருத மரத்துப் பொந்தில் புகுந்து மறைந்தது. மரத்தை வெட்டச் சொன்னான். கோடரி விழுந்த இடத்தில் ரத்தம் வழிந்தது. பார்த்தால் உள்ளே லிங்கம். சாமியின் தலையில் அந்த வெட்டுத் தழும்பு இன்னும் இருப்பதாகச் சொல்வார்கள். நான் பக்தியால் இதைச் சொல்லவில்லை. ஒரு ஊரின் முதல் கதையே "மரத்தில் கோடரி போட்டாயே, பார், சாமி தலையில் பட்டது" என்று இருந்தால், அந்த ஊரில் மருதமரத்தை வெட்டக் கை எழும்புமா? வனத்துறைச் சட்டம் வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு சட்டம் இருந்திருக்கிறது; அபராதம் மட்டும் கிடையாது, பயம் உண்டு.

மருதம் சாதாரண மரமும் இல்லை. ஆற்றங்கரைக்கே உரிய மரம். வெளுத்த, வழவழப்பான பட்டை. வேர் கரையை வலைபோலப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். தாமிரபரணியில் வெள்ளம் புதிதல்ல. 1992 நவம்பரில் வந்தது, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது, இனியும் வரும். கரையில் கருவேலமோ வாழையோ மட்டும் இருந்தால் வெள்ளம் கரையை அள்ளிக்கொண்டு போகும். மருதம் நிற்கும் இடத்தில் அவ்வளவு எளிதில் முடியாது. நம் பழைய இலக்கணக்காரர்கள் வயல்சார்ந்த நிலத்துக்கு இந்த மரத்தின் பெயரை வைத்ததில் காரணம் இருக்கிறது.

சாமியின் பெயர் நாறும்பூநாதர். அம்பாள் கோமதி. வெளியூர்க்காரர்கள் முதல் தடவை இந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பை அடக்குவார்கள். பழைய தமிழில் நாறுதல் என்றால் மணத்தல். பிற்காலத்தில்தான் சொல் கெட்டுப்போய் எதிர்ப்பொருளுக்கு வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் பழைய பொருள் மனிதர்களின் பெயராக உயிரோடு இருக்கிறது. நாறும்பூ, நாறும்பூநாதன் என்று பெயர் வைத்தவர்களை அம்பாசமுத்திரம் பக்கத்தில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதற்கும் கதை உண்டு. கருவூர்ச் சித்தர் எதிர்க்கரைக்கு வந்து சேர்ந்தபோது ஆற்றில் வெள்ளம். கடக்க முடியவில்லை. பூவின் வாசனை மட்டும் ஆற்றைத் தாண்டி வருகிறது. "நாறும்பூநாதா!" என்று அக்கரையிலிருந்து கூப்பிட்டாராம். வெள்ளச் சத்தத்தில் சரியாகக் கேட்க வேண்டுமே என்று சாமி தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாராம். வரச் சொன்னார், சித்தரும் வெள்ளத்தைக் கடந்து வந்தார். சாய்ந்த தலை சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

இதே சித்தரைப் பற்றி நெல்லையப்பர் கோயிலில் வேறு கதை. அங்கே போய்க் கூப்பிட்டார், பதில் வரவில்லை. கோபத்தில் "இங்கே ஈசன் இல்லை" என்று சபித்துவிட்டு மானூருக்குப் போய்விட்டார். பிறகு நெல்லையப்பரே மானூர்வரை போய்ச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. ஆவணி மூலத்தன்று அது இன்றும் விழாவாக நடக்கிறது. ஆக, டவுனில் இருக்கும் பெரிய சாமி கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கிராமத்து சாமி காது கொடுத்தார். மேற்கே இருக்கிறவர்கள் இந்த ஒப்பீட்டைச் சொல்லி டவுன்காரர்களை வம்புக்கு இழுப்பது உண்டு. ஒரு விசித்திரமும் இருக்கிறது. திருவிசைப்பா என்ற பழைய சிவன் பாட்டுத் தொகுப்பில் இந்தச் சித்தர் கருவூர்த்தேவர் என்ற பெயரில் பாடியதாகப் பத்துப் பதிகம் உண்டு. அதில் திருவிடைமருதூர் இருக்கிறது, தஞ்சைப் பெரியகோயில் இருக்கிறது, திருப்புடைமருதூர் இல்லை. அவர் பாடாமல் விட்ட ஊர்தான் அவரை இவ்வளவு நெருக்கமாக நினைவில் வைத்திருக்கிறது.

இப்போது கோபுரத்துக்கு வருவோம். நீங்கள் ஒரே ஒரு மணி நேரம் தான் இந்த ஊரில் இருக்கப் போகிறீர்கள் என்றால், அந்த ஒரு மணி நேரத்தையும் கோபுரத்துக்கே கொடுங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண கோபுரம். மதுரை, திருவில்லிபுத்தூர் பார்த்த கண்ணுக்குச் சின்னதாகவே தெரியும். ஆனால் உள்ளே ஐந்து நிலைகள். செங்குத்தான குறுகிய படியில் ஏறிப் போனால் ஒவ்வொரு நிலையிலும் ஒரு அறை. நடுவே மரத் தூண்கள், மேலே மர உத்தரங்கள், பலகைகள். எல்லாவற்றிலும் செதுக்கல் வேலை, செதுக்கலின் மேல் வண்ணம். சுற்றுச் சுவர் முழுக்க சுண்ணச்சாந்தின் மேல் ஓவியம். வெளிச்சத்துக்கு இரண்டு பக்கத் திறப்புகள் மட்டும். ஏறிப்போய்க் கண் இருட்டுக்குப் பழக ஓரிரு நிமிடம் ஆகும். பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்: காவிச்சிவப்பு, மஞ்சள், பச்சை, கரிக்கோடு. பக்கவாட்டு முகம், பெரிய கண், மடிப்பு மடிப்பாக விழும் ஆடை. நாயக்கர் காலத்துக் கை என்று ஓவியம் பார்த்துப் பழகியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

சிவபுராணக் கதைகள் இருக்கின்றன, ராமாயணம் இருக்கிறது. அவை எந்தக் கோயிலிலும் கிடைக்கும். என்னைப் பிடித்து நிறுத்துபவை மற்ற இரண்டு.

ஒன்று போர். யானைப்படை, குதிரைப்படை, வாளும் ஈட்டியுமாக ஆட்கள், வரிசை வரிசையாக. இது புராணப் போர் இல்லை, இந்த ஆற்றங்கரையிலேயே நடந்த போர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விஜயநகரத்துக்கு அடங்கித் தெற்கே அதிகாரத்தில் இருந்த சாளுவ நரசிங்க நாயக்கர், செல்லப்பா என்று கூப்பிடப்பட்டவர், கலகம் செய்துவிட்டுத் திருவிதாங்கோட்டு அரசரிடம் அடைக்கலம் போனார். விஜயநகரப் பேரரசர் அச்சுததேவராயர் படை திரட்டித் தெற்கே வந்தார். தான் திருவரங்கத்தில் தங்கிக்கொண்டு மைத்துனர் சலகராஜு திருமலையை மேற்கொண்டு அனுப்பினார். 1532 வாக்கில் தாமிரபரணிக் கரையில் நடந்த சண்டையில் திருவிதாங்கோட்டுப் படை தோற்றது. ஆற்றங்கரையில் வெற்றித்தூண் நட்டார்கள்; பாண்டியன் தன் மகளை அச்சுதருக்குக் கொடுத்தான். பாடப்புத்தகத்தில் இரண்டு வரிக்கு மேல் வராத இந்தச் சண்டை, ஒரு கிராமத்துக் கோபுரத்தின் இருட்டுக்குள் யானையும் குதிரையுமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று கப்பல். பாய்மரக் கப்பல், அதில் குதிரைகள், அவற்றைக் கொண்டுவரும் அரபு வணிகர்கள். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி, மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஊரில் கப்பலுக்கு என்ன வேலை? விடை ஆற்றிலேயே இருக்கிறது. இதே தாமிரபரணி போய்க் கடலில் சேரும் முகத்தில்தான் காயல் துறைமுகம். பாண்டியர் காலத்தில் அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் குதிரை வந்து இறங்கிய இடம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்துபோன மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த நாட்டு ஆட்களுக்குக் குதிரை வளர்க்கத் தெரியவில்லை, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டுக் கொல்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். குதிரை இந்த மண்ணில் நிற்கவில்லை. ஆகவே வருஷா வருஷம் வாங்க வேண்டியிருந்தது. ஆகவே கப்பல் வந்துகொண்டே இருந்தது. மேலே சண்டை போடும் குதிரையும், கப்பலில் இருக்கும் குதிரையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். வரைந்தவனுக்கு அது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

இவ்வளவும் எப்படித் தப்பியது? நம் கோயில்களில் ஓவியம் அழிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் படையெடுப்பு இல்லை, பக்திதான். விளக்குப் புகை, எண்ணெய்க் கை, கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் அடித்த வெள்ளை, பிற்காலத்தில் சுவரைச் சுத்தம் செய்ய மணலை வேகமாக அடிக்கும் மணல் வீச்சு. இந்தக் கோபுர அறைகளில் பூசை கிடையாது. விளக்கில்லை, கூட்டமில்லை, வெயிலும் மழையும் நேரடியாகப் படவில்லை. யாருக்கும் ஏற வேண்டிய அவசியமே இருந்ததில்லை. ஏறினதெல்லாம் வௌவால்தான். வௌவாலும் சேதம் செய்யும், ஆனால் மனிதனைவிடக் குறைவு. இப்போது பார்க்க வருகிறவர்கள் கூடியிருப்பதில் எனக்குச் சந்தோஷமும் உண்டு, பயமும் உண்டு. கையெட்டும் உயரத்தில் ஆணியால் பெயர் கீறி, பக்கத்தில் இதயம் போடுகிற பிரகஸ்பதிகள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள்.

கோயில் அலுவலகத்தில் கேட்டு, கூட ஆள் அனுப்பினால்தான் ஏறுங்கள். மரத்தூணில் சாயாதீர்கள். பிளாஷ் வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் நிலையோடு நின்றுகொள்ளலாம், குறை ஒன்றுமில்லை.

கோபுரத்திலிருந்து இறங்கி வெளியே வந்தால் சத்தம் கேட்கும். காய்ந்த பலகையைத் தட்டுவதுபோல 'டக டக'வென்று. மஞ்சள் மூக்கு நாரை அலகை அடித்துக்கொள்ளும் சத்தம் அது. நாரைக்கு நல்ல குரல் கிடையாது, பேச்செல்லாம் அலகில்தான்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து, சுற்றிலும் இருக்கும் குளங்கள் நிறைந்து, மீன் பெருகும் நேரத்தில் இவை இங்கே கூடு கட்ட வரும். தண்ணீரில் நின்றுகொண்டு அலகைப் பாதி திறந்து உள்ளே விட்டு அப்படியும் இப்படியும் துழாவும். மீன் தொட்ட அந்தக் கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, தொட்டுப் பிடிக்கிறது. ஆகவே கலங்கல் தண்ணீரிலும் பிழைக்கும். ஆனால் ஆழமான தண்ணீரில் முடியாது. நம் குளங்கள் அதற்கென்றே வெட்டியதுபோல இருக்கும். நாரையோடு கொக்கு, வக்கா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் என்று ஒரு குடியிருப்பே மரத்தில் ஏறிவிடும். மருதம், இலுப்பை என்று பெரிய பழைய மரங்கள். கிளைக்குக் கிளை கூடு.

பறவைக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ஊர்க்கட்டு. வேட்டைக்காரன் துப்பாக்கியோடு வந்தால் ஊரே திரண்டு அனுப்பிவிடும். ஊரோடு சேர்ந்து 2005இல் அரசு இந்த இடத்தைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அந்த வகையில் தமிழ்நாட்டில் முதலாவது. பரப்பு எவ்வளவு தெரியுமா? 2.84 ஹெக்டேர், ஏறத்தாழ 7 ஏக்கர். ஒரு நடுத்தர விவசாயியின் வயல் அளவு. சரணாலயம் என்றால் முண்டந்துறைபோல மலையும் காடும் நினைவுக்கு வரும் நமக்கு 7 ஏக்கர் சிரிப்பாக இருக்கும். இந்த வகைப் பாதுகாப்பகம் 2002 சட்டத் திருத்தத்தில் வந்தது. வேலி போட்டு மக்களை வெளியே தள்ளும் ஏற்பாடு இல்லை. உள்ளூர் ஆட்களைக் கேட்டு அறிவிக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதி இருக்க வேண்டும். ஊர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்கு அரசு முத்திரை குத்தியது, அவ்வளவுதான்.

இதில் யாரும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். நாற்றம். நூற்றுக்கணக்கான நாரையும் கொக்கும் மீனைத் தின்றுவிட்டு ஒரே மரத்தில் அடைந்தால் கீழே நிலைமை என்ன ஆகும்? குஞ்சு வாய் தவறவிட்ட மீன் அழுகிக் கிடக்கும், எச்சம் வெள்ளையடித்ததுபோல இலையெல்லாம் படிந்திருக்கும். வெயில் ஏற ஏற மூக்கைப் பொத்த வேண்டும். துணி காயப்போட முடியாது. தண்ணீர்த் தொட்டியை மூடி வைக்க வேண்டும். பறவைகளைக் காப்பது என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு வருஷத்தில் பாதி நாள் இதைச் சகித்துக்கொள்வது. நாறும்பூநாதர் ஊரில் அந்தச் சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே மரத்தடியில் சந்திக்கின்றன. பைனாகுலரோடு வந்து அரைநாளில் திரும்புகிற நமக்கு அது தெரியாது.

தாமிரபரணிப் பாசனப் பகுதிக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பறவை எண்ணிக்கையை மரத்தில் மட்டும் பார்த்தால் புரியாது, குளத்தில் பார்க்க வேண்டும் என்பதை அது நன்றாகக் காட்டுகிறது. மரம் வீடு, குளம்தான் அடுப்பு.

குளம் என்றதும் வாய்க்காலுக்கு வந்துவிட வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் இந்த ஆறு மொத்தம் 128 கிலோமீட்டர்தான். இரண்டு பருவமழையும் மலையில் விழுவதால் வற்றாமல் ஓடுகிறது. குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்றை மட்டும் வெள்ளைக்காரன் கட்டினான். மற்றவை அதற்கு முந்தியவை. திருப்புடைமருதூர் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இருக்கிறது. தண்ணீரைத் தேக்குவது இவற்றின் வேலை இல்லை. குறுக்கே தாழ்வாக ஒரு கல்வரிசை. கொஞ்சம் உயர்ந்த தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் திரும்பும். மிச்சம் மேலே வழிந்து அடுத்த ஊருக்குப் போகும். வாய்க்கால் வயலுக்குப் பாய்ந்து குளத்தில் முடியும். குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளம். வயலில் வடிந்ததும் மறுபடி ஆற்றுக்கே வரும், கீழே இன்னொரு அணைக்கட்டு அதைப் பிடிக்கும்.

கன்னடியன் கால்வாய்க்கும் ஒரு கதை உண்டு. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தனக்குக் கிடைத்த செல்வத்தைக் கால்வாய் வெட்டச் செலவழித்தாராம். எந்த வழியாக வெட்டுவது என்று தெரியாமல் ஒரு பசுவின் பின்னால் போனாராம். பசு நடந்த வழி கால்வாய், படுத்த இடம் குளம், கோமியம் விட்ட இடம் மடை. சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். பிறகு யோசித்தால், மாடு மேட்டில் வேண்டுமென்றே ஏறாது. சரிவு தெரிந்து சுற்றிக்கொண்டு போகும். சமமட்டம் பார்க்கக் கருவி இல்லாத காலத்தில் அது மோசமான யோசனை இல்லை.

கார், பிசானம் என்று இரண்டு போகம். கார் ஜூனில் தொடங்கும், பிசானம் ஐப்பசி வாக்கில். நெல் என்றால் அம்பை 16தான் முதலில் வாயில் வரும். 1937இல் ஏற்பட்ட அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம். குண்டு அரிசி. இட்லிக்கு ஊறவைத்தால் அதன் அருமை தெரியும். காலையில் பேப்பர் வந்ததும் எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் தேடுவது அணை நீர்மட்டம். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84. பள்ளிக்கூடம் போகாத ஆச்சிகளுக்கும் இந்த எண்கள் மனப்பாடம். எந்த அணையில் எத்தனை அடி இருந்தால் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்கள் என்பதை அதிகாரிகளுக்கு முன்பே டீக்கடையில் சொல்லிவிடுவார்கள்.

கோபுர ஓவியம் யாரும் தொடாமல் விட்டதால் பிழைத்தது என்றேன். வாய்க்கால் அதற்கு நேர் எதிர். ஒரு வருஷம் தூர் வாராமல் விட்டால் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மூடிவிடும், இரண்டாவது வருஷம் கரையில் ஒருவன் வாழை வைப்பான், மூன்றாவது வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. முன்பு ஊருக்கு இத்தனை ஆள் என்று வந்து குடிமராமத்து செய்தார்கள். அது நின்று நாளாகிவிட்டது. இப்போது பொக்லைன் வந்தால் உண்டு. இந்தப் பக்கத்தின் பாரம்பரியம் எது என்று என்னைக் கேட்டால் கோபுரத்துக்கு முன்னால் இந்த வாய்க்காலைத்தான் காட்டுவேன். ஆனால் அதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

ஆட்களின் பிழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். வயல் வேலை இருக்கும் நாளில் வயல். மற்ற நாளில் பெண்களுக்குப் பீடி. பக்கத்து முக்கூடல் பீடிக்குப் பெயர் போன ஊர். மத்தியானம் தெருவில் நடந்தால் திண்ணைக்குத் திண்ணை மடியில் சுளவு (முறத்துக்கு எங்கள் ஊர்ச் சொல்), அதில் வெட்டிய இலை, தூள், நூல்கண்டு. பேச்சும் நடக்கும், கையும் நடக்கும். கண் இரண்டிலும் இருக்காது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பிள்ளைகளின் படிப்பு, காதில் இருக்கும் கம்மல், வீட்டுக்குப் போட்ட ஓடு எல்லாம் இந்த விரல்களில் வந்தவை. முதுகுவலியும் இருமலும் அதில் வந்தவைதான். ஆற்றங்கரைக் கிராமத்து வாழ்க்கை என்றதும் படகும் நாணலுமாகக் கற்பனை செய்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

ஆற்றுக்கும் கவலைகள் உண்டு. மேலே பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அது மிதந்து வந்து கல்லிலும் வேரிலும் சுற்றிக்கொள்ளும். 2018 அக்டோபரில் புஷ்கரம் நடந்தது. 144 வருஷத்துக்கு ஒருமுறை என்றார்கள். அத்தனை கூட்டமும் முங்கி எழுந்துவிட்டுப் போனது. ஆற்றைக் கும்பிடுகிறவர்கள் அதில் ஷாம்பு பாக்கெட்டைப் போடாமல் இருந்தாலே போதும் என்று அப்போது தோன்றியது.

உங்கள் ஒரு நாளுக்கு என் திட்டம் இது. தை முதல் பங்குனிக்குள் வாருங்கள். பறவையும் இருக்கும், வெயிலும் பொறுக்கும். தைப்பூசத்தன்று மட்டும் வேண்டாம், நீங்கள் கூட்டமில்லாத ஊர் கேட்டீர்கள். காலை ஏழு மணிக்குள் வந்து சேர்ந்தால் முதலில் ஆற்றில் குளியுங்கள். துறைக்குத் துறை ஆழம் மாறும், படியை விட்டு நகரக் கூடாது. அணை திறந்திருக்கிறதா என்று உள்ளூர் ஆளிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பிறகு கோயில், பிறகு கோபுரம். கோயில் நடை மத்தியானம் சாத்துவார்கள், ஆகவே பத்து மணிக்குள் கோபுரத்தை முடிப்பது நல்லது. சாப்பாட்டுக்கு வீரவநல்லூருக்கோ அம்பாசமுத்திரத்துக்கோ போய்விட்டு, நாலரைக்குத் திரும்பி வாருங்கள். மேய்ச்சலுக்குப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாக ஆற்றின் மேல் தாழப் பறந்து மரத்துக்குத் திரும்பும் நேரம் அது. படித்துறையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

காரில் வந்தால் நிழலாக இருக்கிறதே என்று மருதமரத்தடியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். திரும்பி வரும்போது வண்டி என்ன நிறம் என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.